ஒன்பதாவது நிமிஷம்

டிக்கெட்டில் போட்டிருந்தது:
பீளமேடு, நெடும்பாசேரி.
ஆகாயத்தில் நூற்றிருபது கிலோமீட்டர் என்று
சூப்பர்வைசர் செல்போனில் பார்த்துச் சொன்னார்.
ஐம்பது நிமிஷம்.

கோழிஞ்சாம்பாறையிலிருந்து பீளமேட்டுக்கு எவ்வளவு
என்று எதிலும் போட்டிருக்கவில்லை.
நாலரைக்கு எழுந்து
வேலந்தாவளம் வரை பைக்,
பாலம் தாண்டி உக்கடம் பஸ்,
அங்கிருந்து இன்னொன்று.
கிழக்கே போனேன்
மேற்கே போவதற்கு.

கொச்சியில் ஏதோ ஆலையில் பம்பு நின்றுவிட்டது.
அது நிற்கும் ஒரு மணி நேரத்துக்கு
என் ஒரு வருஷச் சம்பளம் நஷ்டமாம்.
அதனால் விமானம்.
எனக்கில்லை, வளையத்துக்கு.
நான் அதைப் பிடித்துக்கொள்ளவும்
போனதும் மாட்டிவிடவும்.

இரவெல்லாம் கடைந்த பித்தளை,
ஒன்றரைக் கிலோ.
ஏர்போர்ட் வாசலில் கையில் கொடுத்தபோது
இன்னும் லேசாகச் சூடு.
செக்யூரிட்டிப் பெண் திருப்பித் திருப்பிப் பார்த்து
இது என்ன என்றாள் இந்தியில்.
வளையல் என்றேன் தமிழில்.
சிரிக்கவில்லை.
காகிதத்தைக் காட்டியதும் விட்டாள்.

றெக்கையில் விசிறி சுற்றும் சின்ன விமானம்.
மடியில் பை, பையில் வளையம்,
கண்ணாடியில் என் நெற்றி.
ஒன்பதாவது நிமிஷம்
கணவாய்க் காற்று அடியில் கைகொடுத்துத்
தூக்கிப் போட்டது.
பக்கத்து சீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.
எனக்குப் பழக்கமான காற்றுதான்.
போன ஆடியில் என் வீட்டு ஷீட்டைப் பெயர்த்த
அதே காற்று.

மேலிருந்து பார்த்தால் எல்லை தெரியாது என்பார்கள்.
எனக்குத் தெரிந்தது.
லாரிகள் நிற்கும் இடம்.

பிறகு ஆறு, அதில் தண்ணீரைவிட அதிகம் மணல்.
பிறகு தென்னை, தென்னை, தென்னை,
வெள்ளையாக சர்ச்,
அதற்குத் தெற்கே
சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு நீலம்.

தார்ப்பாய்.

மூன்று வாரமாக எமல்டா சொல்கிறாள்,
மேலே ஏறி ஒருதரம் பாருங்க என்று.
ஏறித்தான் பார்க்கிறேன்,
ஏழாயிரம் அடி.
மூலை அவிழ்ந்திருக்கிறதா தெரியவில்லை.
நாலு வினாடிதான் இருக்கும்.
நாலரைக்கு அந்த நீலத்தின் அடியிலிருந்து கிளம்பியவன்
எட்டு மணிக்கு
அதற்கு நேர் மேலே இருந்தேன்.
குரல் கொடுக்க வாய் திறந்தேன் என்று சொன்னால்
ஒர்க்‌ஷாப்பில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

நெல்லியாம்பதிப் பக்கம் மேகம்.
ஜூஸ் பாக்கெட்டில் குழல் இறங்குமுன்
விமானம் இறங்கத் தொடங்கியது.

வளையம் இருபது நிமிஷத்தில் பொருந்தியது.
பம்பு இரண்டுதரம் இருமி, ஓடியது.
மலையாளத்தில் ஏதோ பாராட்டினார்கள்,
சாயா கொடுத்தார்கள்.
திரும்பிப் போக டிக்கெட் இல்லை.
வளையம்தான் திரும்பவில்லையே.

அங்கமாலி. சாலக்குடி. திருச்சூரில் ஒரு மணி நேரம் நின்றபடி.
குதிரான் சுரங்கம்.
பாலக்காட்டில் சில்லறைக்குச் சண்டை.
பைக் வேலந்தாவளத்தில் நிற்பது
வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் ஞாபகம் வந்தது.

எட்டு மணிக்கு விமானம் போச்சே, பார்த்தியா என்றேன்.
சத்தம் கேட்டது, என்றாள்.
துணி அலசிக்கிட்டிருந்தேன்.
ஈரக் கையோட யாரு அண்ணாந்து பார்க்கிறது?

கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்:
நம்ம வீடு தெரிஞ்சுதா?
தெரிஞ்சுது.
தார்ப்பாயி?

நான் பையைக் கீழே வைத்தேன்.
அது காலியாக இருந்தும்
கை இன்னும் கனத்துக்கொண்டிருந்தது.

வெளிச்சம் மிச்சம் இருந்தது.
பின்பக்கம் போய் ஏணியைத் தூக்கிவந்து
சுவரில் சாத்தினாள்.
பதினோரு படி.

ஒன்பதாவது ஆடும்,
பார்த்து, என்றாள்.